பலகையில் இல்லாத கை

என் எஸ்தர் அக்காவுக்கு, பின்னாலிருந்து கூப்பிட்டால் "இன்னாடா" என்று ஓர் அதட்டலோடு திரும்பும் என் கோபக்கார அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நம் சபையின் மாதத் தாளில் உன்னைப் பற்றி எழுதித் தரும்படி உபதேசியார் கேட்டார். "அக்கா செஞ்ச ஊழியத்த எழுதுப்பா, படிக்கிறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. உன்னைப் பற்றி நல்லதாக எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. எழுத எழுத என்னைப் பற்றியும் நல்லதாகவே வந்துகொண்டிருந்தது, அதுதான் தொல்லை.

ஆகவே இதை உனக்கே எழுதுகிறேன். சபையார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் இப்போது நம் லைன் வீடுகளின் முனை வரைக்கும் குழாயில் வருகிறது. அதனால் சண்டையும் நம் லைன் முனை வரைக்கும் வந்துவிட்டது. உன் மகள் கிரேஸ் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள். பிள்ளைகள் பலப்பத்தை உடைத்தால் உன்னைப் போலவே உதட்டைக் கடித்துக்கொள்கிறாளாம். என்னோடுதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் உன் நாற்காலியில் மரியதாஸ் உட்கார்ந்திருக்கிறான். ஆண்கள் வார்டில் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தானே, நீ கடைசி மாதங்களில் ஒற்றைக் கையோடு வேலை கற்றுக்கொடுத்தாயே, அவன்தான். அவனைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

அதற்கு முன்னால் அந்தப் பலகையின் கதையைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இடையில் உனக்குத் தெரியாததும் வரும். அப்போது நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேட்க வேண்டும்.

நம் தங்கச் சுரங்க மைன்ஸுக்கு மின்சாரம் வந்த மறு வருஷம் ஆஸ்பத்திரிக்கு அந்த எந்திரம் வந்து இறங்கியது. உடம்பைக் கிழிக்காமலே உள்ளே இருக்கும் எலும்பைக் காட்டும் எந்திரம். ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு பெரிய கம்பிச் சுருள், பச்சையாக மினுங்கும் ஓர் அட்டை, எல்லாவற்றையும் ஓட்டுவதற்கு ஒரு பலகை. ஜனங்கள் அதற்கு எலும்புப் பெட்டி என்று பேர் வைத்தார்கள். பெரிய டாக்டருக்கு அதைப் பூட்டி ஓடவிடும் ஆசை இருந்ததே தவிர, அதன் முன் நாள் முழுக்க உட்காரும் பொறுமை இல்லை. உன் வீட்டுக்காரர் மாமா காய்ச்சலில் போனபின் நீ பெண்கள் வார்டில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. உன் கை நடுங்காது என்று அவருக்குத் தெரியும். உன்னை அதில் உட்காரவைத்தார்.

எந்திரத்தோடு வந்த பலகையில் ஒன்பது குமிழ்கள், இரண்டு முள் காட்டிகள், ஒவ்வொன்றின் கீழும் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து. நீ அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஆர்மோனியம் கணக்கா கீதுடா. நான் எலும்பப் பாக்கணுமா, கீர்த்தனை வாசிக்கணுமா?"

நான் மைன்ஸ் பட்டறையில் தச்சன். எஞ்சின் வீட்டில் பலகை அடிப்பதே எனக்குப் பாதி வேலை. சுரங்க ஷாப்ட்டில் ஆட்கள் நிற்கும் கேஜை ஏற்றி இறக்குகிற ஆள் ஒரே ஒரு முள்ளைத்தான் பார்க்க வேண்டும். அவன் கண் தேட ஆரம்பித்தால், தேடுகிற நேரத்துக்குள் நாற்பது பேரோடு கேஜ் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். கண்ணுக்கு முன்னால் இருக்கிற சாமானைக் குறைப்பதுதான் நல்ல பலகைக்காரன் வேலை என்று நான் கற்றது அங்கேதான். கற்றது தப்பில்லை. ஆனால் அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் இதில் எதை எடுக்கலாம் என்றுதான் கை பரபரக்கும்.

மூன்று நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் குமிழுக்கு உன் விரல் போகிறது, எதற்குப் போகவில்லை என்று பார்த்தேன். ஆறு குமிழ்களை மாதம் ஒரு தடவைகூடத் தொட வேண்டியதில்லை. அவற்றைப் பலகைக்குப் பின்னால் ஒரு மூடிக்குள் கொண்டுபோனேன். முன்னால் மூன்றே மூன்று வைத்தேன். மின்சாரத்தை விட ஒரு லிவர், கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், சட்டென்று நிறுத்த ஒரு பொத்தான். எழுத்துக்குப் பதிலாக வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று வர்ணப் பொட்டு. நீ அரை மணி நேரத்தில் பழகிக்கொண்டாய். பெரிய டாக்டர் வேறு மைன்ஸ் டாக்டர்களைக் கூட்டிவந்து காட்டினார். நீயோ படுக்கையில் கிடக்கிற ஒவ்வொருத்தியிடமும் "எங்க தம்பி ஆசீர்வாதம் செஞ்சது" என்று சொல்லிவிட்டுத்தான் கால் எலும்பைப் பார்த்தாய்.

அந்தப் பலகையின் வலது ஓரத்தில் ஒரு கொக்கியும், கொக்கியில் ஒரு கையும் தொங்கின. சட்டத்துக்குள் கம்பியால் கோத்த, நிஜமான மனுஷக் கையெலும்பு. அது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கண்ணாடிக் குழாய் ஒரு நாள் இருந்ததுபோல் மறுநாள் இருக்காது. சில நாள் இளசாக இருக்கும், எலும்பு கன்னங்கரேலென்று தெரியும். சில நாள் முத்திப்போயிருக்கும், எல்லாம் வெளுத்துத் தெரியும். நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன் குழாய் இன்று இளசா முத்தலா என்று பார்க்க வேண்டும். அந்த எலும்புக் கையைக் குழாய்க்கு முன்னால் பிடித்து அட்டையில் பார்ப்பதுதான் முறை.

பெண்கள் வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டு உள்ளே வர மறுத்தார்கள். மைன்ஸில் செத்துப்போனவன் கை என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. அப்புறம் முனியம்மா வந்தாள்.

அவள் புருஷன் சுரங்கத்தின் மேல் லெவலில் பாறை சரிந்து செத்தவன். உடம்பை எடுத்தபோது வலது கை கிடைக்கவில்லை. கொக்கியில் தொங்கியதும் வலது கைதான். மணிக்கட்டுச் சுளுக்கோடு வந்தவள் அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் சுளுக்கைப் பற்றிப் பேசாமல் கையைப் பற்றியே பேச வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். இது கப்பலில் வந்தது, எந்திரத்தோடு வந்தது என்று நீ பொறுமையாகச் சொன்னாய். அவள் சொன்ன பதிலை நீ என்னிடம் அழுதுகொண்டே சொன்னாய். "இது எங்க வூட்டுக்காரரு கை இல்லன்னே வெச்சுக்கம்மா. யாரோ ஒருத்தரு கை அடக்கமில்லாம தொங்குது. எங்க ஆளு கையில்லாம போய்க் கீறாரு. ரெண்டையும் சேத்து அனுப்பிடறேன், குடுத்துடு."

மத்தியானச் சங்கு ஊதியதும் பட்டறைக்கு வந்தாய். கொடுத்துவிடலாமா என்று கேட்டாய். அக்கா, அப்போது என் மனசில் முனியம்மா இல்லை. வலது ஓரத்தில் கொக்கியும் கையுமாகத் தொங்குவது என் பலகைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று வந்த நாளிலிருந்தே எனக்குக் குறை. "குடுத்துடுக்கா. பலகையும் சுத்தமா இருக்கும்" என்றேன். நீ இரக்கத்தில் கொடுத்தாய். நான் அழகுக்காகக் கொடுத்தேன். பெரிய டாக்டரிடம் விழுந்து உடைந்துவிட்டது என்று சொன்னோம். அவர் அவசரத்தில் சரி என்றார்.

முனியம்மா அதை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துப்போய், புதைத்துப் பால் ஊற்றிக் காரியம் செய்தாள். அன்றைக்கு நீ சந்தோஷமாக இருந்தாய். அதை நான் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள மாட்டேன். அது நல்ல காரியம்தான்.

ஆனால் குழாயை எதைக் கொண்டு பார்ப்பது? "என் கை இருக்குதே" என்று சிரித்தாய். மறுநாள் காலையிலிருந்து உன் இடது கையைக் குழாய்க்கு முன்னால் நீட்டிப் பார்க்க ஆரம்பித்தாய். நோயாளிக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை.

எந்திரத்தோடு ஒரு காகிதம் வந்திருந்தது. பதினாலு வரி இங்கிலீஷ். அதைத் தமிழில் எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டித் தரச் சொன்னாய். மிஷன் பள்ளியில் நான் படித்த இங்கிலீஷ் அதற்குப் போதும். பதினாலு வரியை ஐந்து வரியாக்கிக் கொடுத்தேன். எவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கிறான் பார் என்று நீ மெச்சினாய். அதில் ஏழாம் வரியை நான் எழுதவில்லை. குழாயைச் சோதிக்க இந்த எலும்புக் கையையே பிடிக்கவும், ஓட்டுபவர் தன் கையை ஒருபோதும் குழாய்முன் வைக்கலாகாது என்று இருந்தது.

எனக்குப் புரியவில்லை என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். புரிந்தது. சாமான் விற்கிறவன் கூடவே இன்னொரு சாமானைத் தலையில் கட்ட அப்படித்தான் எழுதுவான் என்று நினைத்தேன். தவிர, பலகையில் கையே இல்லை, கையைப் பற்றி ஒரு வரி எதற்கு? அதுவும் அடைசல் என்று தள்ளிவிட்டேன்.

நாலு வருஷம் இப்படியே போயிற்று. அதற்குள் உன் இடது கைத் தோல் முதலில் சிவந்தது, பிறகு மினுமினுத்தது, நகங்கள் பழுப்பேறிப் பிளந்தன. கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் கை கழுவுவதால் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நானும் அதையே ஊர் முழுக்கச் சொன்னேன். பிறகு ஒரு வெடிப்பு வந்தது, அது ஆறவே இல்லை. கடைசியில் முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

எடுக்கும் கையை அடக்கம் செய்யப் பெட்டி செய்யும் வேலை எனக்கு வந்தது. வார்டுக்கு அளவெடுக்க வந்தபோது, நீ கையை நீட்டிக் காட்டிக்கொண்டே, "எனுக்கு முன்னாடியே போயி எடம் புடிச்சு வெக்கப் போவுது, நல்லா அளவெடுடா" என்றாய். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாரும் சிரித்தார்கள். என் கையிலிருந்து அளவுகோல் விழுந்துவிட்டது. நீ அதைத் துக்கம் என்று நினைத்தாய். துக்கமும்தான்.

கை போயும் நோய் போகவில்லை. அக்குளில் கட்டி வந்தது, அடுத்து நெஞ்சில் வந்தது. அதுவரைக்கும் மரியதாஸுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருந்தாய்.

போன மாதம் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்துப் பாலகாட் மைன்ஸில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டுகிறார்களாம், அங்கேயும் அந்த எந்திரம் வருகிறதாம், இதே மாதிரி ஒரு பலகை வேண்டுமாம். அப்படியே இருக்க வேண்டும், எதையும் கூட்ட வேண்டாம் என்றார். அளவெடுக்கப் போனேன். மரியதாஸ் வேலையில் இருந்தான். லிவரைத் தள்ளினான், இடது கையைக் குழாய்க்கு முன்னால் நீட்டினான், திருப்பித் திருப்பி அட்டையில் பார்த்தான். அவன் ஆள்காட்டி விரல் நகம் பழுப்பாக இருந்தது. அதைச் சுற்றித் தோல் மினுமினுத்தது. அந்த மினுமினுப்பு எனக்குத் தெரியும்.

கையை எடு என்றேன். அவன் சிரித்தான். "எஸ்தரக்காவே இப்புடித்தான் பாத்தாங்க. எனுக்குக் காட்டிக் குடுத்ததே அவங்கதான்." அக்கா, உன் கை போனதே இதனால்தான் என்று அவனிடம் சொன்னேன். "கார்பாலிக்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான்.

ஆமாம், நான்தான் சொன்னேன். அவனுக்கு மூன்று பிள்ளைகள். அந்த நாற்காலிக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவன், என் வாய்ப்பேச்சுக்காக அதை விடுவானா? நீ செய்ததைத்தான் அவன் செய்கிறான். உன்மேல் அவனுக்கு இருக்கிற மரியாதையே அவன் கையைத் தின்னப் போகிறது. அதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. பட்டறைக்குப் போய், என் உளிப் பெட்டியின் அடித்தட்டில் ஆறு வருஷமாக மடித்து வைத்திருந்த அந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்துவந்து, ஏழாம் வரியை அவனுக்குப் படித்துச் சொன்னேன்.

மரியதாஸ் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டான்.

"இத நீங்க எப்ப படிச்சீங்க?" என்றான்.

சொன்னேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அன்றே பெரிய டாக்டரிடமும் சொன்னேன், முனியம்மா கதை உட்பட. உடைந்த எலும்புக் கைக்குப் பதில் வேறொன்று வராததைத் தானும் கவனித்ததாகவும், பலகை பார்க்க லட்சணமாக இருந்ததால் மறுபடி கேட்காமல் விட்டதாகவும், குற்றம் என்னுடையது மட்டும் அல்ல என்றும் சொன்னார். அவர் பங்கை அவர் எடுத்துக்கொள்ளட்டும். அதனால் என் பங்கு குறைந்துவிடாது. மரியதாஸை இப்போதைக்கு எந்திரத்தை விட்டு விலக்கி வைத்திருக்கிறார். அந்த விரல் பிழைக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

அவர் மதராஸுக்கு எழுதி இன்னொரு எலும்புக் கையைத் தருவிக்கிறேன் என்றார். வர மாதக்கணக்காகும். நானே ஒன்று செய்தேன். மாட்டெலும்பில் விரல் விரலாகச் செதுக்கி, இரண்டு மெல்லிய மரத்தகடுகளுக்கு நடுவில் வைத்து ஒட்டி, கைப்பிடி போட்டேன். வெளியே பார்க்கிறவர்களுக்கு அது வெறும் மரவிசிறி. குழாயிலிருந்து வரும் கதிர் மரத்தை ஊடுருவிவிடும், மனுஷக் கண் ஊடுருவாது. அதைக் கொக்கியில் ஓரமாகத் தொங்கவிடவில்லை. லிவரின் பிடியிலேயே மாட்டும்படி வைத்தேன். அதைக் கையில் எடுக்காமல் லிவரைத் தள்ள முடியாது. பலகையில் இப்போதும் அந்த மூன்றுதான்.

இவ்வளவும் ஒரு மத்தியான வேலை, அக்கா. முனியம்மா அந்தக் கையைக் கொண்டுபோன மறுநாளே செய்திருக்கலாம். அவளுக்கும் அடக்கம் செய்ய ஒரு கை கிடைத்திருக்கும், உனக்கும் உன் கை இருந்திருக்கும். ஒட்டுப் பசை காய்வதற்குள் இது எனக்கு உறைத்தது. பட்டறையில் எல்லார் முன்னாலும் அழுதேன்.

இந்தக் கடிதத்தை இதுவரை எழுதி, கிரேஸுக்குப் படித்துக் காட்டினேன். உபதேசியார் கைக்குப் போகும் முன் அவள் காதுக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. பள்ளி விட்டு வந்து பிள்ளைகளின் ஸ்லேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா உங்கள இதப் பத்திக் கேக்கவே இல்லியா மாமா?"

எழுதாமல் விட்ட இடத்திலேயே வந்து நின்றாள். உன் மகளாயிற்றே.

நீ கேட்டாய். வெடிப்பு வந்த புதிதில், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின், கோயில் சுவரோரம் நின்று, சுற்றியிருந்த துணியை அவிழ்த்து எனக்குக் காட்டினாய். "தம்பி, அந்தக் காயிதத்துல கையப் பத்தி எதாச்சும் போட்டிருந்துச்சாடா?" என்றாய். நான் "இல்லக்கா" என்றேன். "அப்ப சரி" என்று துணியைத் திரும்பச் சுற்றிக்கொண்டாய். திங்கட்கிழமை மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாய். அதன் பிறகும் ஒன்றரை வருஷம் அந்தக் கையை நீட்டினாய்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்று சொல்லலாம். அது உண்மை இல்லை. நீ எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட பலகை அது. உன் கண்ணில் நான் சின்னவனாகிவிடக் கூடாது என்றுதான் சொன்னேன். அன்று நான் உண்மை சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? பெரிய டாக்டரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிரேஸிடம் இதைச் சொன்னேன். அவள் ஸ்லேட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சோறு மட்டும் மூடி வைத்திருந்தது. பத்தாம் நாள் அந்த இங்கிலீஷ் காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். தன் குண்டுகுண்டான எழுத்தில் பதினாலு வரியையும் தமிழாக்கி, ஏழாம் வரியை எல்லாவற்றுக்கும் மேலே எழுதி என்னிடம் நீட்டினாள். "இத அப்படியே ஒட்டுங்க. ஒண்ணையும் சுருக்காதீங்க" என்றாள். என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். "இன்னும் இல்ல" என்றாள்.

உபதேசியார் இதைப் படித்துவிட்டு, பட்டறைத் துரைகள் காதுக்குப் போனால் என் வேலைக்கு ஆபத்து, பேர் போடாமல் 'ஒரு தம்பி' என்று மட்டும் போடலாம் என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படியே செய்யலாம் என்றுதான் இருந்தது. கூட வந்திருந்த கிரேஸ் எனக்கு முன்னால் பதில் சொன்னாள். "எங்கம்மா பேரு இருக்கிற எடத்துல இவரு பேரும் இருக்கணும் ஐயா."

அக்கா, உனக்கு இனி நான் ஒன்றும் செய்ய முடியாது. மரியதாஸ் வேண்டாம் என்று சொல்லுகிற வரைக்கும், ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் அவன் கையைப் பார்ப்பேன். பாலகாட்டில் யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், முதல் நாள் பக்கத்தில் நின்று கிரேஸின் காகிதத்தை முழுசாகப் படித்துக் காட்டுவேன். எந்தப் பலகையிலிருந்தும் ஒன்றை எடுக்கும் முன், அது யாருடைய கைக்குப் பதிலாக அங்கே இருக்கிறது என்று கேட்காமல் எடுக்க மாட்டேன். இதை உன் மகள் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன்.

நீ கேட்டபோது பொய் சொன்ன உன் தம்பி,
தச்சன் ஆசீர்வாதம்,
மைன்ஸ் பட்டறை, கோரமண்டல்.